சந்தா முடிந்தால் ஆட்டோகேட் செல்லாதா?

அண்ணே, செந்தூல் அலுவலகத்தில் வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேட் 2016-க்குப் பராமரிப்புச் சந்தா முடிந்ததால் இனி அது செல்லாது என்று விற்பனையாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நிரந்தர உரிமம் என்றால் தாராளமாகச் செல்லும், புதிய பதிப்புதான் வராது. அந்தப் பராமரிப்புச் சந்தாத் திட்டத்தையே, ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2021-இல் மூடிவிட்டது. புதுப்பிக்கவும் வழியில்லை.

கன்சல்டன்ட் அனுப்பும் வரைபடம் திறக்காதது வேறு கதை. ஆட்டோகேட் 2018 பதிப்பில் டிடபிள்யூஜி எனும் வரைபடக் கோப்பின் வடிவம் மாறியது. உங்கள் 2016 பதிப்பு அதற்கு முந்தைய 2013 வடிவம் வரைதான் படிக்கும். டிடபிள்யூஜி ட்ரூவியூ என்ற இலவச மென்பொருளை இறக்கி, அதில் ‘டிடபிள்யூஜி கன்வெர்ட்’ அழுத்தி 2013-க்கு மாற்றுங்கள். இல்லையென்றால் அவரையே 2013-இல் சேவ் செய்து அனுப்பச் சொல்லுங்கள், அதுதான் சுலபம். மாதம் நாலு வரைபடத்துக்காகப் புதிய பதிப்புக்கு வருடச் சந்தா கட்டுவது வெட்டிச் செலவு. அப்புறம், கணினியை இப்போதைக்கு மாற்றாதீர்கள். பழைய பதிப்பைப் புதுக் கணினியில் ஆக்டிவேட் செய்வதுதான் பெரிய தலைவலி.