"முதல்" என்று கேட்டால் சண்டைதான்

கேள்வி: ஸ்கார்பரோவில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒன்றுகூடலுக்கு நான்தான் வினாடி வினா நடத்துகிறேன். பெரியவர்கள் கேட்டதால் போர்ப் படங்களின் பின்னணி ஒரு சுற்று, அடுத்த தலைமுறைக்காகப் பழைய கனேடிய ஹிப்-ஹாப் ஒரு சுற்று. போன வருடம் ஒரு விடையை வைத்துப் பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது. இந்த முறை கேள்விகளை எப்படி எடுப்பது?

பதில்: எந்த விடையில் சண்டை வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. என் அனுபவத்தில், பத்தில் ஏழு தடவை "முதல்" என்ற சொல்தான் வம்பை இழுத்து வரும். "கனடாவின் முதல் ராப்பர் யார்?" என்று கேட்டால், மேஸ்ட்ரோ ஃப்ரெஷ் வெஸ் என்று பாதிப் பேர் கத்துவார்கள். அவருக்கு முன்பே மிச்சி மீ போன்றவர்கள் இசைத்தட்டு வெளியிட்டுவிட்டார்களே என்று யாராவது ஒருவர் எழுந்து நிற்பார். அவர் சொல்வதும் சரி. "கனடாவில் தங்கச் சான்று பெற்ற முதல் கனேடிய ராப் சிங்கிள் எது?" என்று கேளுங்கள். மேஸ்ட்ரோவின் 'லெட் யுவர் பேக்போன் ஸ்லைட்', 1989 இல் வந்தது. (தங்கச் சான்று என்பது குறிப்பிட்ட எண்ணிக்கையில் விற்ற பாட்டுக்குக் கிடைக்கும் அங்கீகாரம்.) வேறு விடைக்கு இடமே இல்லை.

படங்களிலும் அப்படித்தான். "சேவிங் பிரைவேட் ரயன் எங்கே எடுக்கப்பட்டது?" என்பது ஓட்டைக் கேள்வி, பல பகுதிகளை இங்கிலாந்தில் எடுத்தார்கள். ஒமாஹா கடற்கரைக் காட்சி என்று குறித்துக் கேட்டால் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்ட் என்று ஒரே விடை. 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்'டில் வரும் வியட்நாமின் ஹுவே நகரம், உண்மையில் கிழக்கு லண்டனில் இருந்த பெக்டன் என்ற பழைய எரிவாயு ஆலை. இதைச் சொன்னதும் கூட்டம் சிரிக்கும்.

உங்கள் கூட்டத்துக்கு நான் முக்கியமாக எடுக்கச் சொல்வது 1957 இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்'. கதை தாய்லாந்தில் நடக்கிறது. பாலத்தைக் கட்டி வெடித்துத் தகர்த்தது இலங்கையில், கிதுல்கலையில், களனி ஆற்றின் மேல். பெரியவர்கள் இதைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் கொஞ்சம் கடினமானதைப் போடுங்கள்: திரைக்கதைக்கான ஆஸ்கரை வாங்கியவர் அதை எழுதவே இல்லை, ஏன்? எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் கம்யூனிஸ்ட் தொடர்பு என்ற சந்தேகத்தில் வேலை மறுக்கப்பட்டவர்களின் பட்டியலில், அதாவது ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்ததால், மூல நாவலாசிரியர் பியர் பூலின் பெயரைப் போட்டார்கள். 1984 இல்தான் அகாடமி அதைத் திருத்தியது. இருவருமே அப்போது உயிரோடு இல்லை.

இன்னொன்றும் உண்டு. நிஜப் பாலம் நின்றது மே க்ளோங் என்ற ஆற்றின் மேல். படம் பார்த்துவிட்டு வந்த சுற்றுலாக்காரர்கள் க்வாயைத் தேட, 1960 இல் ஆற்றின் அந்தப் பகுதிக்கே பெயரை மாற்றிவிட்டார்கள்! ஆனால் அந்தப் பாலம் இருந்த, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கட்டவைத்த ரயில்பாதையை வெறும் சிரிப்புக் கேள்வியோடு விட்டுவிடாதீர்கள். படம் போர்க்கைதிகளைச் சுற்றியே நின்றுவிடுகிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அந்தச் சயாம் மரண ரயில்பாதையில் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். விடை சொல்லும்போது ஒரு நிமிடம் இதையும் சொல்லுங்கள்.

ஹிப்-ஹாப்புக்கு வருவோம். 1998 இல் கனடாவின் இசை விருதான ஜூனோவை வான்கூவரின் ராஸ்கல்ஸ் என்ற ராப் குழு ஏன் மறுத்தது? ராப் விருதைத் தொலைக்காட்சியில் காட்டாத பகுதியில் கொடுத்ததால். அடுத்த வருடம் அது ஒளிபரப்புக்குள் வந்தது; 'நார்தர்ன் டச்' பாட்டுக்காக அதே குழு வாங்கியது.

கடைசிக் கேள்வியை ஒலியாக வையுங்கள். குவின்சி ஜோன்ஸின் 1962 ஆம் வருட 'சோல் போசா நோவா'வைப் போட்டு, இதை எங்கே கேட்டீர்கள் என்று கேளுங்கள். இளையவர்கள் ஆஸ்டின் பவர்ஸ் படம் என்பார்கள். ஹிப்-ஹாப் பைத்தியங்கள், அதிலிருந்து ஒரு துணுக்கைத் தங்கள் பாட்டில் சேர்த்த (சாம்பிள் எடுத்த) டொரொன்டோவின் டிரீம் வாரியர்ஸ் குழு என்பார்கள். 'டெஃபினிஷன்' என்ற கனேடியத் தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சியின் முகப்பு இசை அது என்பது, 1989க்கு முன் இங்கே வந்திறங்கியவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். மூன்றுக்கும் தனித்தனிப் புள்ளி கொடுங்கள். அணி பிரிக்கும்போதே ஒவ்வொன்றிலும் ஒரு மூத்தவரைப் போட்டுவிடுங்கள்.