பேன்ட் தையலில் வரும் ‘ஃப்ளை’ பறப்பதுதானா?

ஆமாம், பறப்பதைக் குறிக்கும் அதே ‘ஃப்ளை’தான். ஜிப்பை மறைக்கும் துணிப்பட்டைக்கு அந்தப் பெயர் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு ஓரம் தைக்கப்பட்டு, மறு ஓரம் விடுபட்டு ஆடும் துணிக்கு ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வார்கள். கூடார வாசலில் தொங்கும் துணியும் ‘ஃப்ளை’தான்.

கொடியில் இது இன்னும் தெளிவு. 1806 ஜூலை 10 அன்று நம் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஏற்றிய மைசூர்க் கொடியானாலும் சரி, இன்றைய மூவர்ணக் கொடியானாலும் சரி, கம்பத்தை ஒட்டிய பக்கம் ‘ஹாய்ஸ்ட்’, காற்றில் படபடக்கும் பக்கம் ‘ஃப்ளை’.

பறப்பதைக் குறிக்கும் இந்தச் சொல் பழைய ஆங்கிலத்தில் ‘ஃப்ளேயோகன்’, ஜெர்மனில் ‘ஃப்ளீகன்’. ஈயின் ஆங்கிலப் பெயரான ‘ஃப்ளை’யும் இதிலிருந்து வந்ததுதான். அந்தக் காலத்தில் சிறகுள்ள எந்தப் பூச்சியையும் அப்படிச் சொன்னார்கள். பட்டாம்பூச்சி ‘பட்டர்ஃப்ளை’ ஆனதும் அதனால்தான். அழகான குடும்பம்!

‘ஃப்ளை’ என்பது பட்டையா, திறப்பா என்ற உங்கள் குழப்பத்துக்குக் காரணம், தையல் குறிப்புகளில் ஜிப் வைத்த திறப்பு முழுவதையும்கூட ‘ஃப்ளை’ என்று எழுதுவதாக இருக்கலாம். ஒரு பழைய பேன்ட்டின் ஜிப்பைத் திறந்து, ஒரு ஓரம் மட்டும் தைத்திருக்கும் பட்டை எது என்று விரலால் தடவிப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று: ‘ஃப்ளை பீஸ்’ என்றிருந்தால் பட்டை, வெறும் ‘ஃப்ளை’ என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். படத்தைப் பார்த்துவிட்டே துணியை வெட்டுங்கள்.