ஃப்ரன்ட் லோடு மெஷினில் துவைத்த துணி நாப்பியில் நெடி வருவது ஏன்?

துவைத்து எடுக்கும்போது சுத்தமாக இருக்கும் நாப்பியில், குழந்தை ஒருமுறை சிறுநீர் கழித்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி எழுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அலசல் போதாமையே இதற்குக் காரணம். இவ்வகை மெஷின்கள் குறைந்த தண்ணீரில் துவைப்பதற்கென்றே அமைக்கப்பட்டவை என்பதால், பல அடுக்குகளாகத் தைத்த நாப்பியின் உட்புறத்தில் சிறுநீர் சிறிது தங்கிவிடுகிறது. அதிலுள்ள யூரியாவை பாக்டீரியா அம்மோனியாவாக மாற்றுகிறது.

ஆகவே மலத்தைக் கழிப்பறையில் அகற்றியபின், சோப்பில்லாமல் பச்சைத் தண்ணீரில் ஒரு சுற்று ஓடவிடுங்கள். எடுத்த எடுப்பிலேயே வெந்நீர் பட்டால் கறை இழையில் படிந்துவிடும். அடுத்து, 60 டிகிரியில் நீண்ட நேரம் ஓடும் காட்டன் சுற்றை வைத்து, டிரம்மில் முக்கால் பங்கு துணி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நாப்பிகள் குறைவாக இருந்தால் சிறு துண்டுகளைச் சேர்க்கலாம், ஏனெனில் துணிகள் ஒன்றோடொன்று உரசினால்தான் அழுக்கு விடும். சோப்புத்தூளை வெகுவாகக் குறைக்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் வரும் வீடுகளில் அது நெடியை அதிகமாக்கவே செய்யும். கடைசி அலசலின்போது கண்ணாடிக் கதவில் நுரை ஒட்டியிருந்தால், இன்னொரு முறை அலசுங்கள்.

கம்ஃபர்ட் போன்ற துணி மென்மையூட்டிகள் வேண்டவே வேண்டாம்; அவை இழைகளின்மேல் படலமாகப் படிந்து, ஈரம் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கின்றன. நீர்புகா மேலுறைகளுக்கு 40 டிகிரி போதும்.