பிக்கப் வண்டியில் ஸ்வே பாரைக் கழற்றலாமா?

வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்வதைக் கட்டுப்படுத்தும் எஃகுக் கம்பிதான் ஸ்வே பார். இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை அது இணைக்கிறது. வண்டி சாயும்போது கம்பி முறுக்கேறி எதிர்க்கிறது. ஈரத் துணியைப் பிழியும்போது கை உணர்கிற அதே எதிர்ப்பு.

பாறையும் பள்ளமுமான காட்டுப் பாதையில் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்க வேண்டும் என்பதற்காகச் சிலர் கழற்றுகிறார்கள். காசிமேட்டில் மீன் பெட்டிகளை உயரமாக அடுக்கி, எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து கழற்றாதீர்கள். திடீரென ஒதுங்க நேர்ந்தால் கவிழும் அபாயம் கூடும். கடகடவென்று சத்தம் வந்தால், கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் (உறை) தேய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கழற்றினால் வேகத்தடையில் குலுக்கல் குறையும் என்பது தவறு: இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறும்போது கம்பி முறுக்கேறுவதே இல்லை.