ஒருவருக்கு எச்.ஐ.வி., இருவருக்கும் பிள்ளை ஆசை: டாக்டரின் பதில்கள்

கேள்வி: என் கணவருக்கு எச்.ஐ.வி. இருப்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. நான்கு வருடமாக ஏ.ஆர்.டி. மையத்தில் (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) மாத்திரை வாங்குகிறார். எனக்குத் தொற்று இல்லை. 'விசேஷம் உண்டா?' என்று மாமியார் வீட்டில் கேட்காத நாளில்லை. மையத்தில் ஆணுறை கட்டாயம் என்கிறார்கள். விந்தைக் கழுவிக் கருவூட்டலாம், ஆனால் நிறைய செலவாகும் என்று ஒருவர் சொன்னார். வேறு வழியே இல்லையா?
– வாசகி, சேலம்

பதில்: இருக்கிறது, பெரிய செலவும் இல்லாத வழி. முதலில் உங்கள் கணவரின் கடைசி வைரல் லோடு தாளை எடுங்கள். சிடி4 தாள் அல்ல. பலரும் அதைத்தான் என் முன்னால் நீட்டுவார்கள். சிடி4 உடம்பின் எதிர்ப்புச் சக்தியைச் சொல்வது. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று சொல்வது வைரல் லோடு. அதில் 'டார்கெட் நாட் டிடெக்டட்' (வைரஸ் தென்படவில்லை) என்றோ, ஒரு மில்லிக்கு 200-க்குக் கீழான எண்ணோ இருக்கிறதா? தேதி என்ன? ஆறு மாதத்துக்கு மேல் பழைய தாள் என்றால், 'குழந்தைக்கு முயல்கிறோம்' என்று மையத்தில் சொல்லி மறுபடி எடுத்துத் தரக் கேளுங்கள்.

இந்த எண் தொடர்ந்து ஆறு மாதம் அடங்கியிருந்து, மாத்திரையும் தவறாமல் இருந்தால், உடலுறவின் வழியே உங்களுக்குத் தொற்று வராது. ஆறுதலுக்குச் சொல்லவில்லை. ஐரோப்பாவின் 14 நாடுகளில் 888 ஜோடிகளைப் பின்தொடர்ந்த 'பார்ட்னர்' ஆய்வு 2016-ல் வெளியானது. ஆணுறை இல்லாமல் ஏறத்தாழ 58,000 முறை உறவு. துணையிடமிருந்து துணைக்குப் போன தொற்று ஒன்றுகூட இல்லை. அதற்கு முன்பே 2011-ல், சென்னையும் புனேயும் பங்கேற்ற ஒரு பன்னாட்டு ஆய்வு, சீக்கிரமே மருந்து தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று காட்டிவிட்டது.

மையத்தில் ஆணுறையை வலியுறுத்துவதிலும் தப்பில்லை. மற்ற பால்வினை நோய்களுக்கும், மாத்திரை விட்டுப்போகும் நாட்களுக்கும் அதுதான் காவல். அதனால் மறைத்துச் செய்யாமல், டாக்டரிடம் சொல்லிவிட்டே முயலுங்கள். கருத்தரிக்கும் நாட்களில் மட்டும் ஆணுறையை விடலாம். அடுத்த மாதவிலக்குக்கு சுமார் 14 நாள் முன்பு கருமுட்டை வெளிவரும். அந்த நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும் உங்கள் கணக்கு. தொடங்கும் முன் கணவருக்கு விந்துப் பரிசோதனை, இருவருக்கும் பால்வினை நோய்ப் பரிசோதனை, உங்களுக்கு ஃபோலிக் அமில மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளுங்கள், மனசுக்கும் நிம்மதி.

விந்துக் கழுவல் 1990-களில் இத்தாலியில் பேர்பெற்ற முறை. விந்தின் நீரிலும் அதிலுள்ள வெள்ளணுக்களிலும்தான் வைரஸ் இருக்கும் என்பதால், விந்தணுக்களை மட்டும் பிரித்தெடுத்துக் கருப்பைக்குள் வைப்பார்கள். நல்ல மருந்து கைக்கு வராத காலத்து ஏற்பாடு அது. இன்றைக்கு, வைரஸ் அடங்கவே இல்லை அல்லது விந்தணு எண்ணிக்கை குறைவு என்றால்தான் அதை யோசிக்க வேண்டும்.

கேள்வி: எனக்குத்தான் எச்.ஐ.வி., கணவருக்கு இல்லை. வைரல் லோடு அடங்கியிருக்கிறது. ஆனாலும் அவருக்குப் பயம் போகவில்லை. என்ன செய்வது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: மேலே சொன்னது உங்களுக்கும் அப்படியே பொருந்தும். பயம் இருக்கும்போது வற்புறுத்த வேண்டாம். வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய வழி உண்டு. கருத்தரிக்கும் நாளில் அவர் விந்தைச் சுத்தமான கப்பில் எடுத்துத் தரட்டும். அதை ஊசியில்லாத புதிய சிரிஞ்சில் உறிஞ்சி, ஒரு மணி நேரத்துக்குள் பெண்ணுறுப்புக்குள் மெல்லச் செலுத்திவிட்டுச் சற்று நேரம் படுத்திருங்கள். கருப்பைக்குள் செலுத்த முயலக் கூடாது. அது மருத்துவமனையில் நடக்க வேண்டியது. எண்ணெய், ஜெல் எதுவும் வேண்டாம். கடை ஆணுறையில் பிடித்து எடுப்பதும் சரிவராது, சிலவற்றில் விந்தணுவைக் கொல்லும் மருந்து தடவியிருக்கும்.

கேள்வி: எனக்கு 34 வயது. கணவர் மாத்திரை தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. இனியும் காத்திருக்க முடியுமா?
– வாசகி, கோவை

பதில்: முடியும், கொஞ்சம் காத்திருங்கள். ஆறாவது மாதம் மையத்திலேயே இலவசமாக வைரல் லோடு எடுப்பார்கள். அதில் வைரஸ் அடங்கியிருந்தால், முதல் பதிலில் சொன்னபடி தொடர்ந்து ஆறு மாதம் அப்படியே இருந்த பிறகு ஆணுறையை விடலாம். உங்கள் ஹார்மோன், கருப்பைப் பரிசோதனைகளை அதற்குள் முடித்துவிட்டால் நாட்கள் வீணாகாது. அப்போதும் வைரஸ் அடங்காமல் இழுத்தால், தொற்று இல்லாத நீங்கள் முன்தடுப்பு மாத்திரை எடுக்கலாம். 'பிரெப்' என்பார்கள், டெனோஃபோவிரும் எம்ட்ரிசிடாபினும் சேர்ந்த மாத்திரை. தினமும் ஒன்று, முயல்வதற்கு மூன்று வாரம் முன்பே தொடங்கி, கடைசி உறவுக்குப் பின் நான்கு வாரம் வரை. எச்.ஐ.வி., சிறுநீரகம், மஞ்சள் காமாலை பி பரிசோதனைகள் பார்க்காமல் கடையில் வாங்கி விழுங்க வேண்டாம்.

கேள்வி: அப்பாவிடமிருந்து நேராகக் குழந்தைக்கு வருமா?
– வாசகர், மதுரை

பதில்: வராது. அம்மாவுக்குத் தொற்றினால்தான் அவர் வழியாகப் பிள்ளைக்கு வர முடியும்.

கேள்வி: டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து உள்ள மாத்திரை எடுக்கிறேன், இப்போது மூன்று மாதக் கர்ப்பம். இது குழந்தையின் தண்டுவடத்தைப் பாதிக்கும் என்று படித்தேன். நிறுத்தலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். நீங்கள் படித்தது 2018-ல் போட்ஸ்வானாவிலிருந்து வந்த எச்சரிக்கை. பிறகு பல மடங்கு அதிகப் பிரசவங்களைச் சேர்த்துப் பார்த்தபோது மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. கர்ப்பிணிகளுக்கும் இதையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

எனக்குக் கவலை வேறு இடத்தில். உங்களுக்கு இப்போது இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் தருவார்கள். வெறும் வயிற்றில் இவற்றைச் சேர்த்து விழுங்கினால் டோலுடெக்ராவிர் உடம்பில் சேராமல் போய்விடும். ஒன்று, சாப்பாட்டோடு எல்லாவற்றையும் சேர்த்து எடுங்கள். இல்லையென்றால் இரும்பு மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ டோலுடெக்ராவிரை எடுங்கள். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் டானிக்குக்கும் இதே இடைவெளி உண்டு, அதைச் சாப்பாட்டோடு சேர்த்துக்கூட எடுக்கக் கூடாது. இந்த விஷயத்தை யாரும் சொல்லாமல் விட்டு, 'மாத்திரை ஒழுங்காப் போட்டும் லோடு ஏறிடுச்சே' என்று அழுதுகொண்டு வந்தவர்கள் உண்டு.

கேள்வி: கணவருக்கு விந்தணு குறைவு. கருத்தரிப்பு மையம் ஒன்றில் 'பாசிட்டிவ் கேஸ் எடுப்பதில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
– வாசகி, திருச்சி

பதில்: அப்படி அனுப்ப அவர்களுக்கு உரிமை இல்லை. 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதைத் தடை செய்கிறது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் அதிலேயே பேச்சு மாறிவிடும். புகாரை விசாரிக்க மாநில அளவில் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் எய்ட்ஸ் உதவி எண் 1097-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை.

கேள்வி: எனக்கு எச்.ஐ.வி. உண்டு. ஒன்பது மாதக் குழந்தைக்கு வெளி லேபில் ரத்தம் எடுத்தோம், பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. ஆறாவது வாரம் நெகட்டிவ் என்றார்களே!
– வாசகி, விழுப்புரம்

பதில்: பதறாதீர்கள். ஆறாவது வாரம் குதிகாலில் குத்தி எடுத்த சொட்டு ரத்தத்தில் வைரஸையே தேடியிருப்பார்கள். வெளி லேபில் பார்ப்பது எதிர்ப்பொருளை, அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளை. உங்கள் உடம்பிலிருந்து போன எதிர்ப்பொருள் 18 மாதம் வரைகூடக் குழந்தையின் ரத்தத்தில் இருக்கும், அதனால் பாசிட்டிவ் காட்டும். நம்பிக்கை மையத்துக்கு (அரசு எச்.ஐ.வி. பரிசோதனை மையம்) போய் ஆறாவது வாரம் செய்த அதே வகைப் பரிசோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள். 18 மாதம் நிறைந்ததும், அல்லது தாய்ப்பால் நிறுத்தி மூன்று மாதம் ஆனதும், எது பிந்தி வருகிறதோ அப்போது செய்வதுதான் முடிவான பரிசோதனை. அதுவரை உங்கள் மாத்திரையை விடாதீர்கள், நீங்கள் குடிக்கும் மாத்திரைதான் பால் குடிக்கும் பிள்ளைக்கும் காவல். போகும்போது தடுப்பூசி அட்டையோடு ஆறாவது வார ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.