ஏழு மாணவர்கள் தொடங்கிய சங்கம்: ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா குறித்த கேள்வி பதில்

அமெரிக்காவில் பல கல்லூரிகளுக்குப் பரவி நிலைபெற்ற முதல் கறுப்பின மாணவர் ஃபிரட்டர்னிட்டியான ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைப் பற்றி நண்பர்கள் பலர் கேட்ட கேள்விகளும், அமெரிக்கக் கல்வி வரலாற்றை நெடுங்காலமாகப் பயின்றுவரும் பேராசிரியர் ஒருவரின் விடைகளும்.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்): ஐயா, ஃபிரட்டர்னிட்டி என்பது நம் கல்லூரிகளில் உள்ள மாணவர் மன்றம் போன்றதுதானா?

பதில்: இல்லை தம்பி. நம் மன்றத்தில் பெயர் கொடுத்தவர் எவரும் உறுப்பினர். படிப்பு முடிந்ததும் அந்த உறவும் முடிந்துவிடும். ஃபிரட்டர்னிட்டியில் இருக்கும் உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்டால்தான் புதியவர் சேர முடியும். சேர்ந்தபின் அது ஆயுள் முழுவதற்குமான உறவு. 1776ஆம் ஆண்டு வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் ஃபை பீட்டா காப்பா என்ற மாணவர் சங்கம் தோன்றியதிலிருந்து, கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டிக்கொள்ளும் வழக்கம் அங்கே வேரூன்றியது.

கேள்வி (சென்னை, ஆசிரியர்): கறுப்பின மாணவர்கள் தனியே ஒரு சங்கம் தொடங்க வேண்டிய தேவை எதனால் எழுந்தது?

பதில்: நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது, ஆனால் அவர்களைத் தங்கவைப்பதற்கும், அவர்களோடு சேர்ந்து படிப்பதற்கும் அங்கே எவரும் இல்லை. 1904-05 கல்வியாண்டில் அங்கு பயின்ற ஆறு கறுப்பின மாணவர்களில் ஒருவர்கூட மறு ஆண்டு திரும்பவில்லை என்று இச்சங்கத்தின் வரலாறே பதிவுசெய்திருக்கிறது. அடுத்து வந்தவர்களுக்கு இச்செய்தி பெரும் அச்சத்தைத் தந்திருக்க வேண்டும். அவர்கள் நகரத்துக் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் கூடிப் பாடங்களைச் சேர்ந்து படிக்கத் தொடங்கினார்கள். எனவே இச்சங்கத்தின் தோற்றுவாய் கேளிக்கை அன்று. படிப்பைப் பாதியில் விட்டுவிடாமல் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிப்பதே அதன் முதல் வேலையாக இருந்தது.

அவர்களுள் சிலர் வெள்ளையர் ஃபிரட்டர்னிட்டி வீடுகளில் உணவு பரிமாறிப் பிழைத்தார்கள் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் ஒருவரையொருவர் சகோதரரே என்று அழைத்துக்கொள்ள, தட்டை ஏந்தி அருகில் நின்ற மாணவர் அதே பல்கலைக்கழகத்தில் அதே பாடங்களைப் படித்துக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டுறவு ஒரு மாணவனுக்கு எவ்வளவு பெரிய பலம் என்பதை அவர் கண்ணெதிரே கண்டார். அதில் தமக்கு இடமில்லை என்பதையும் கண்டார்.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்): நிறுவனர்கள் ஏழு பேர் என்கிறார்கள், சார்லஸ் பாயின்டெக்ஸ்டர் என்பவர் எட்டாமவர் என்றும் படித்தேன். எது சரி?

பதில்: நல்ல கேள்வி. பாயின்டெக்ஸ்டர் அங்கு வேளாண்மையில் மேற்படிப்புப் படித்தவர். தொடக்கக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. ஆனால் இக்குழு ஓர் இலக்கியக் கழகமாகவே இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. மற்றவர்களுள் பலர் ஃபிரட்டர்னிட்டியே வேண்டும் என்றனர். கருத்து வேறுபாடு முற்றி அவர் விலகினார். 1906 டிசம்பர் 4 அன்று ஃபிரட்டர்னிட்டி என்ற முடிவே நிலைத்தது. ஹென்றி ஆர்தர் காலிஸ், சார்லஸ் ஹென்றி சாப்மன், யூஜீன் கின்கல் ஜோன்ஸ், ஜார்ஜ் பிடில் கெல்லி, நதானியேல் அலிசன் மர்ரி, ராபர்ட் ஹரால்ட் ஓகிள், வெர்ட்னர் உட்சன் டாண்டி ஆகிய எழுவரையும் சங்கத்தார் மணிகள் என்று போற்றுகிறார்கள். பாயின்டெக்ஸ்டர் அந்த எழுவருள் இல்லை. ஆயினும் சிதறிக் கிடந்தவர்களை முதலில் ஓரிடத்தில் கூட்டியவர் அவர் என்பதால், அவர் பெயரைச் சொல்லாமல் இவ்வரலாற்றைத் தொடங்குவது முறையன்று என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (மதுரை, பொறியாளர்): அந்த எழுவரும் பின்னாளில் என்ன ஆனார்கள்?

பதில்: உங்கள் துறையிலிருந்தே தொடங்குகிறேன். கெல்லி நியூயார்க் மாநிலத்தில் பதிவுபெற்ற முதல் கறுப்பினப் பொறியாளர். டாண்டி அம்மாநிலத்தில் பதிவுபெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞர்; கூந்தல் பராமரிப்புப் பொருள்கள் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டிய மேடம் சி. ஜே. வாக்கருக்கு இர்விங்டனில் மாளிகை வடிவமைத்தவர் அவரே. ஜோன்ஸ், கறுப்பினத்தவரின் முன்னேற்றத்துக்காக உழைக்கும் தேசிய நகர்ப்புறக் கழகமான நேஷனல் அர்பன் லீகைப் பல்லாண்டுகள் நடத்தினார். மருத்துவரான காலிஸ் எழுவருள் கடைசியாக, 1974இல் மறைந்தார். மற்ற மூவருள் இருவர் கல்விப் பணியிலும் ஒருவர் அரசுப் பணியிலும் வாழ்ந்தனர்.

கேள்வி (திருச்சி, வழக்கறிஞர்): இச்சங்கத்துக்கும் சிவில் உரிமை வழக்குகளுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நெருங்கிய தொடர்பு உண்டு ஐயா. மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி நிறத்தைக் காரணம் காட்டி இடம் மறுத்தபோது டொனால்ட் மர்ரி தொடுத்த வழக்கில் அவருக்காக வாதாடிய சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன், தர்குட் மார்ஷல் ஆகிய இருவரும் இச்சங்கத்தினர். 1935இல் கிடைத்த வெற்றியை மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. மார்ஷல் 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

ஆனால் வழக்கறிஞரான தாங்கள் அவசியம் படிக்க வேண்டியது ஹெண்டர்சன் வழக்கு. 1942 மே மாதம் எல்மர் ஹெண்டர்சன் என்ற அரசு அலுவலர் வாஷிங்டனிலிருந்து ரயிலில் தெற்கே பயணமானார். உணவுப் பெட்டியில் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய இரு மேசைகளிலும் வெள்ளையர்கள் அமர்ந்திருந்தனர். அங்கே ஓர் இருக்கையாவது காலியாக இருந்தும் அவரை அமரவிடவில்லை. அவர் திரும்பத் திரும்ப வந்து கேட்டார். இரவு 9 மணியளவில் கிரீன்ஸ்பரோவில் அந்தப் பெட்டியையே கழற்றிவிட்டார்கள். அதுவரை அவருக்கு உணவு கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை சென்ற இவ்வழக்கில் அவருக்காக வாதாடியவர்களுள் ஒருவரான பெல்போர்டு லாசன், அப்போது ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவின் தேசியத் தலைவர். 1950 ஜூன் 5 அன்று, திரைகளும் தடுப்புகளும் போட்டு இடம் பிரித்த அந்த விதிகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று தீர்ப்பாயிற்று. இச்சங்கத்தின் நூறாண்டு வரலாற்றில் எனக்கு மிகவும் பெருமிதம் தரும் பக்கம் இதுவே.

கேள்வி (சிங்கப்பூர்): இப்போதும் கறுப்பினத்தவர் மட்டும்தான் சேர முடியுமா? படித்து முடித்தவர்களுக்கு இடம் உண்டா?

பதில்: 1945ஆம் ஆண்டிலேயே இன வரையறையை நீக்கிவிட்டார்கள், உறுப்பினர்களில் மிகப் பெரும்பான்மையினர் இன்றும் கறுப்பினத்தவர்களே. கல்லூரிக் கிளைகளைப் போலவே பட்டதாரிகளுக்கும் தனிக் கிளைகள் உண்டு. முதல் பட்டதாரிக் கிளை 1911இல் லூயிவில்லில் அமைந்தது. மார்ட்டின் லூதர் கிங் 1952இல் பாஸ்டனில் முனைவர் பட்ட மாணவராக இருந்தபோது சேர்ந்தார். வாஷிங்டனில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பும் எண்ணத்தை 1984இல் முன்வைத்ததும், நாடாளுமன்ற அனுமதி பெற்று 2011இல் அது திறக்கப்படும் வரை விடாமல் உழைத்ததும் இச்சங்கத்தினரே.

கேள்வி (திருவாரூர் மாவட்ட வாசகி): கமலா ஹாரிஸ் இதில் உறுப்பினரா?

பதில்: இல்லை அம்மா, இது ஆண்களுக்கான சங்கம். 1908இல் ஹாவர்டு பல்கலைக்கழகத்தில் பெண்கள் தொடங்கிய ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவில் அவர் 1986இல், அதே பல்கலைக்கழக மாணவியாக இருந்தபோது சேர்ந்தார். பெண்களுக்கான இத்தகைய சங்கத்தைச் சொராரிட்டி என்பார்கள். தங்கள் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் வேர்கொண்ட குடும்பத்தின் பெயர்த்தி, துணை அதிபர் தேர்தலில் நின்றபோது தம் குடும்பத்தாருள் ஒரு பகுதியாக அந்தச் சகோதரிகளையும் மேடையில் குறிப்பிட்டார்.

கேள்வி (ஈரோட்டிலிருந்து ஒரு தாய்): என் மகன் அமெரிக்காவில் முதலாண்டு படிக்கிறான், ஏதோ ஒரு ஃபிரட்டர்னிட்டியில் சேர ஆசைப்படுகிறான். ராகிங் என்ற பெயரில் அடிப்பார்கள் என்று கேள்விப்பட்டு அஞ்சுகிறேன்.

பதில்: அம்மா, தங்கள் அச்சத்தைப் பொருளற்றது என்று நான் சொல்லமாட்டேன். அங்கே அதை ஹேசிங் என்கிறார்கள். எல்லா இனத்தாருடைய சங்கங்களிலும் அதனால் மாணவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். நான் மதிக்கும் இச்சங்கமும் அந்தக் கறையிலிருந்து தப்பவில்லை. சோர்ந்த மாணவனைத் தாங்குவதற்கென்று பிறந்த அமைப்பு புதிய மாணவனைத் துன்புறுத்தினால், அது தன் நிறுவனர்களுக்கே செய்யும் துரோகம். 1990இல் கறுப்பினச் சங்கங்களின் கூட்டமைப்பு, புதியவர்களை மாதக்கணக்கில் சோதிக்கும் பழைய முறையை ஒழித்தது. ஆயினும் மறைவில் அது தொடர்ந்தது.

2024 டிசம்பரில் அமெரிக்க அதிபர் கையொப்பமிட்ட சட்டத்தின்படி, ஹேசிங் விதிகளை மீறியதாக உறுதியான சங்கங்களின் விவரத்தைப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்டாக வேண்டும். தங்கள் மகனிடம் அந்தப் பட்டியலை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அச்சங்கத்தில் உள்ளவர்களின் தேர்ச்சி எப்படி, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று நேரிலேயே கேட்கட்டும். இரவில் ஓரிடத்துக்கு வா, வீட்டாரிடமோ கல்லூரியிடமோ வாய் திறக்காதே என்று எவராவது சொன்னால், அன்றைக்கே அங்கிருந்து விலகிவிட வேண்டும் என்பதையும், அப்படி விலகினால் அம்மா ஒரு வார்த்தையும் கடிந்து பேசமாட்டாள் என்பதையும் அவனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.