ஊரே ஒரு கட்சி, நான் மட்டும் வேறு கட்சி. என் ஓட்டு யாருக்கு என்று ஊருக்குத் தெரிந்துவிடுமா? எப்படி நடந்துகொள்வது?

நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது இயந்திரத்திலிருந்து தெரியாது. உங்கள் ஊர் யாருக்குப் போட்டது என்பது பூத் வாரியாகத் தெரியும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் பயந்துபோய், பிடிக்காத சின்னத்தில் அழுத்திவிட்டு வருகிறார்கள்.

முதலில் பூத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். மறைவுக்குள் நீலப் பொத்தானை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்தில் இருக்கும் விவிபேட் (போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி) கண்ணாடிக்குள் ஒரு சீட்டு 7 விநாடி தெரிந்து பெட்டிக்குள் விழும். வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் மட்டுமே அதில் இருக்கும். உங்கள் பெயரோ வாக்காளர் எண்ணோ இருக்காது. "நம்பரை வச்சுக் கண்டுபிடிச்சிருவோம்" என்று யாராவது மிரட்டினால் அது வெறும் மிரட்டல்தான். மறைவுக்குள் உங்களோடு யாரும் வரக்கூடாது. பார்வை இல்லாதவர்களும் உடல் முடியாதவர்களும் மட்டும் 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தத் துணையும் அன்றைக்கு ஒருவருக்கு மேல் துணை போக முடியாது, ரகசியம் காப்பதாக எழுதியும் தரவேண்டும். "ஆத்தாவுக்குப் படிக்கத் தெரியாது, நான் கூடப் போறேன்" என்று கட்சிக்காரர் கிளம்பினால் தடுத்துக் கேளுங்கள். எழுத்தறிவில்லை என்பது மட்டும் அதற்குக் காரணமாகாது.

ரகசியம் கசிவது எண்ணிக்கையில். ஒவ்வொரு சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை ஓட்டு என்பது படிவம் 20இல் வெளியாகிவிடும். வாக்குச்சீட்டுக் காலத்தில், மிரட்டல் இருக்கும் இடங்களில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. இயந்திரங்களுக்கும் அதேபோல ஒரு கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தது, சட்ட ஆணையமும் 2015இல் பரிந்துரைத்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிற்றூர்க்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது நகரத்தில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை.

கணக்கைப் பாருங்கள். உங்கள் கட்சிக்கு 3 ஓட்டு விழுந்து, ஊரில் வெளிப்படையாக அந்தக் கட்சி பேசுபவர்கள் 3 பேர் என்றால் எல்லாமே வெளிச்சம். 11 ஓட்டு விழுந்தால் மிச்சம் 8 பேர் யாரென்று எவராலும் சொல்ல முடியாது. 0 விழுந்தாலும் ரகசியம் போச்சு, நீங்களும் ஊரோடுதான் போட்டீர்கள் என்று ஆகிவிடும். ஆகவே பேசினால் வெளிப்படையாகப் பேசுங்கள், இல்லையென்றால் யாரிடமும் சொல்லாதீர்கள். மச்சானிடம் மட்டும், டீக்கடையில் ஒருவரிடம் மட்டும் சொல்வதுதான் வினையாகிறது. வீட்டில் மற்றவர்கள் யாருக்குப் போட்டார்கள் என்பதை ஒருபோதும் நீங்கள் சொல்லாதீர்கள், அது அவர்களுடைய ரகசியம்.

பணம் கொடுத்துக் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்குவது பல ஊரில் உண்டு. வாங்கிக்கொண்டு மாற்றிப் போடலாம் என்பார்கள். சத்தியத்துக்குப் பயந்து பூத்துக்குள் கை மாறிவிடுகிறவர்களும் உண்டு. பணத்தை வாங்காமல் இருப்பதுதான் சுலபம். கேட்டால் "யாருகிட்டயும் வாங்குறதில்லண்ணே" என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள்.

உங்கள் கட்சிக்குப் பூத் ஏஜென்டாக உட்காரப் போகிறீர்களா? வேட்பாளரோ அவருடைய முகவரோ கையெழுத்திட்ட படிவம் 10 கையில் இருக்கவேண்டும். 7 மணிக்கு ஓட்டுப்பதிவு என்றால் மாதிரி வாக்குப்பதிவு 5:30க்கே தொடங்கிவிடும். அதில் குறைந்தது 50 ஓட்டு போட்டுப் பார்த்து, இயந்திரத்தில் பதிவான அந்த ஓட்டுகளை அழித்து, விவிபேட் பெட்டியைக் காலி செய்வதைக் கண்ணால் பாருங்கள். தனியாள் ஏஜென்டுகள் செய்யும் தவறு சாயங்காலம்தான் வரும். எதிர்க்கட்சி ஏஜென்ட் சித்தப்பா முறையாக இருப்பார், "எல்லாம் முடிஞ்சுச்சு, வீட்டுக்குப் போ தம்பி" என்பார். மொத்த ஓட்டு எழுதிய படிவம் 17சி கைக்கு வராமல் எழுந்திருக்காதீர்கள்.

ஊர்க் கட்டுப்பாடு என்று உங்களை ஒதுக்கிவைக்கக் கிளம்பினால், தலைக்கட்டு வரியை (குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வாங்கும் பணம்) தேதி தவறாமல் கொடுத்து ரசீது வாங்குங்கள். "வரி கட்டாததால் ஒதுக்கினோம்" என்று பிறகு சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. வாங்க மறுத்தால் இரண்டு சாட்சிகள் முன் கொடுக்கப் போனதை எழுதி, தேதியோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள். சாவு, கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஒதுக்கிவைப்பேன் என்று ஒரு வாக்காளரை மிரட்டுவது 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 123(2)இல் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. வேட்பாளரோ, அவருடைய முகவரோ, அவர் சம்மதத்தோடு வேறொருவரோ செய்திருந்தால் தேர்தலே செல்லாமல் போகலாம். அதற்கான மனுவை முடிவு வெளியான 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போடவேண்டும், வாக்காளரும் போடலாம். தேர்தல் நேரம் என்றால் 1950 தொலைபேசி எண்ணிலும் தேர்தல் ஆணையத்தின் சிவிஜில் (cVIGIL) செயலியிலும் புகார் கொடுக்கலாம். செயலியில் பெயர் தெரிவிக்காமல் படமோ வீடியோவோ அனுப்பும் வசதி உண்டு.

ஊராட்சித் தேர்தல் வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. அங்கே தண்ணீர்த்தொட்டியைப் பற்றியும் தெருவிளக்கைப் பற்றியும் எதிர்க்கட்சிக்காரர்களோடு சேர்ந்து வேலை செய்யலாம், ஓட்டும் கேட்கலாம்.